எஸ்.ஏ.டி.க்குப் பதியும் முன் பிள்ளையின் பெயரைச் சரிபாருங்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

பிளஸ் டூ மார்க், கட் ஆஃப், கவுன்சலிங் என்று பழகியவர்கள் நாம். அமெரிக்காவில் இறங்கியதும் ‘இங்கே எந்த நுழைவுத் தேர்வு?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யை யாராவது சொல்ல, அதை நீட் தேர்வு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இங்கே மாநில ரேங்க் பட்டியல் கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த பாடங்களும் அவற்றின் மதிப்பெண்களும்தான் முதலில் பார்க்கப்படும். ஒன்பதாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளையோடு வருகிறவர்கள், ஊர்ப் பள்ளியின் மார்க் ஷீட்டுகளை முத்திரையோடு வாங்கி வாருங்கள். இங்குள்ள பள்ளி கவுன்சலர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

தேர்வு தேவையா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 2020-ல் கோவிட் காரணமாகப் பெரும்பாலான கல்லூரிகள் அதை விருப்பத்துக்கு விட்டன. எம்.ஐ.டி. 2022-ல் மறுபடி கட்டாயமாக்கியது. டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை 2024-ல் தேர்வைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உட்பட எந்த வளாகத்திலும், சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். கல்லூரி தன் சேர்க்கை விவரங்களை வெளியிடும் அறிக்கை அது. அதில் சி7 என்ற பகுதி எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று காட்டும். சி9 பகுதியில் சேர்ந்த மாணவர்களின் எஸ்.ஏ.டி. மதிப்பெண் வீச்சு இருக்கும். விருப்பம் என்று விட்டிருக்கும் கல்லூரிக்கு, அந்த வீச்சின் நடுப்புள்ளியையாவது தொட்டால் அனுப்பலாம். கீழ் எல்லைக்கும் குறைவாக இருந்தால் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

இனி பெயர். நம் குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாமல், படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை தேர்வு மைய வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைவிடக் கொடுமை வேறில்லை.

ஊரில் எஸ். கார்த்திக் என்றால் சுப்பிரமணியன் மகன் கார்த்திக் என்று எல்லோருக்கும் புரியும். சாதிப் பெயரைச் சுமக்காமல் அப்பா பெயரின் முதலெழுத்தைச் சுமக்கும் இந்த வழக்கம் நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஆனால் அமெரிக்கப் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்து, கார்த்திக் சுப்பிரமணியன் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. பள்ளி அலுவலகத்தில் அதையே பெயர் என்று நினைத்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்.

அங்கிருந்து சிக்கல் கிளை விடுகிறது. பத்தாம், பதினோராம் வகுப்பில் அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. என்ற முன்னோட்டத் தேர்வுக்குப் பள்ளியே பதிவு செய்யும். அது பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரில் போகும். ஏ.பி. என்ற, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடத்துக்காகப் பிள்ளை, இந்தத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டில் தானே ஒரு இணையக் கணக்கு திறக்கும்போது ‘கார்த்திக் எஸ்’ என்று போடும். பிறகு எஸ்.ஏ.டி.க்காக அப்பா இன்னொரு மின்னஞ்சலில் பாஸ்போர்ட் பெயரோடு மற்றொரு கணக்கு திறப்பார். ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள். மதிப்பெண்கள் சிதறிக் கிடக்கும். கல்லூரிக்குப் போன மதிப்பெண், பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு பொருந்தாமல் தனியே கிடக்க, ‘உங்கள் மதிப்பெண் வரவில்லை’ என்று கடிதம் வரும், அதுவும் கடைசி வாரத்தில்.

பிறந்த தேதி இன்னொரு பள்ளம். இங்கே மாதம் முதலில், நாள் பிறகு. ஆகஸ்ட் 5-ல் பிறந்த பிள்ளைக்கு நம் கை 05/08 என்று எழுதினால் அது மே 8 ஆகிவிடும். நாள் 12-க்கு மேல் இருந்தால் படிவம் ஏற்காது, தப்பு அப்போதே தெரிந்துவிடும். 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பெயரும் தேதியும் வைத்துத்தான் பதிவுகளைப் பொருத்துகிறார்கள் என்பதால், இது பெயர்த் தவறைவிடக் குறைந்ததல்ல.

செய்ய வேண்டியது இது. பள்ளியில் சேர்க்கும் நாளன்றே பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். கார்த்திக் முதற்பெயர், சுப்பிரமணியன் குடும்பப் பெயர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எஃப்.என்.யு. வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பதிவேற்றிய பிறகு திரையைக் காட்டச் சொல்லி எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். சுப்பிரமணியனில் ஒரு பி-யா இரண்டு பி-யா என்பது வரை. பள்ளி அடையாள அட்டையில் அதே பெயர் இருக்கட்டும். காலேஜ் போர்ட் கணக்கு ஒன்றே ஒன்று, பள்ளி மின்னஞ்சல் இல்லாமல் சொந்த மின்னஞ்சலில். படிப்பு முடிந்ததும் பள்ளி மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். காமன் ஆப்பிலும் அதே பெயர். ஏற்கெனவே பிழையாகிவிட்டதென்றால் புதிய கணக்கு திறக்காதீர்கள், அது சிக்கலை இரட்டிப்பாக்கும். காலேஜ் போர்டைத் தொலைபேசியில் அழைத்துத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்து வாங்குவது நிரந்தரத் தீர்வு, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.

பதிவுக் கட்டணம் 2024-25-ல் 68 டாலர். பே ஏரியா போன்ற இடங்களில் மையங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும், பிறகு மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டிவரும். பதினோராம் வகுப்பில் மார்ச் அல்லது மே மாதம் ஒரு முறை, தேவைப்பட்டால் ஆகஸ்டில் மறுபடி என்று வைத்துக்கொண்டால், கல்லூரிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான நவம்பர் 1 கெடுவுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

தேர்வு 2024 மார்ச் முதல் இங்கே முழுக்கக் கணினியில்தான், ப்ளூபுக் என்ற செயலியில். மொத்தம் 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். ஆங்கிலம் 27 கேள்விகள் கொண்ட இரண்டு பாகங்கள், ஒவ்வொன்றும் 32 நிமிடம். கணக்கு 22 கேள்விகள் கொண்ட இரண்டு பாகங்கள், ஒவ்வொன்றும் 35 நிமிடம். முதல் பாகத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பாகம் கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்தால் உச்ச மதிப்பெண் எட்டாது. அதனால் முதல் பாகத்தில் அவசரம் கூடாது.

நம் பிள்ளைகளிடம் மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். நெகடிவ் மார்க் பயத்தில் கேள்வியை விட்டுவிடுவார்கள். இங்கே நெகடிவ் மார்க் இல்லை, ஒரு கேள்வியும் காலியாக இருக்கக் கூடாது. கால்குலேட்டரைத் தொடுவது தப்பு என்று வளர்ந்திருப்பார்கள். செயலிக்குள்ளேயே டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது, இரண்டு சமன்பாடுகளைத் தட்டச்சு செய்தால் வெட்டும் புள்ளியைக் காட்டிவிடும், அதைப் பயன்படுத்தத் தெரியாதவர் நேரத்தை இழப்பார். மூன்றாவது, ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகள். காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்பதை ஊரில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. இந்த விதிகள் சிலவே, இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம். ப்ளூபுக்கின் முழு மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியின் பயிற்சியும் இலவசம். ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டும் கோச்சிங்குக்கு முன் அவற்றை முடியுங்கள்.

தேர்வுக்கு முந்தைய ஐந்து நாட்களுக்குள் செயலியைத் திறந்து ‘எக்ஸாம் செட்டப்’ முடித்தால் நுழைவுச் சீட்டு வரும். அதில் உள்ள பெயரையும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போனில் உள்ள அட்டைப் படம் செல்லாது, அசல் வேண்டும். சொந்தக் குரோம்புக்கிலும் எழுத முடியாது. பள்ளி கொடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ், மேக் மடிக்கணினி அல்லது ஐபேட். கையில் எதுவும் இல்லாதவர்கள் காலேஜ் போர்டிடம் இரவல் கேட்கலாம், ஆனால் தேர்வுக்கு 30 நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். முழுச் சார்ஜ், சார்ஜர், பேனா, ஒரு பாட்டில் தண்ணீர். சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கதவு மூடிவிடும். 7:30-க்கே வாசலில் இருங்கள்.