காட்டில் தனியாக வாழ: திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

காட்டில் தனியாக வாழ முடிவு செய்துவிட்டீர்களா, சரி, திரும்பும் வழியை முதலில் பாருங்கள். 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் டெக்லானிகா ஆற்றைச் சுலபமாகக் கடந்து, காட்டில் தனியாக வாழப் போன அமெரிக்க இளைஞர் கிறிஸ் மெக்கண்ட்லெஸ், ஜூலையில் திரும்பி வந்தபோது பனி உருகி ஆறு கரைபுரண்டு ஓடியதால் கடக்க முடியவில்லை. கொஞ்ச தூரத்திலேயே ஆற்றைக் கடக்க உதவும், கம்பிவடத்தில் தொங்கும் தொட்டி இருந்தும், அதைக் காட்டும் வரைபடம் அவரிடம் இல்லை. 24 வயதில் பட்டினியால் இறந்துபோனார், பாவம். அதனால் நல்ல வரைபடம் கட்டாயம்.

அப்புறம் சாப்பாடு. அவர் எடுத்துப்போன அரிசி சுமார் 4.5 கிலோதான். வேட்டையாடிய மூஸ் மானின் இறைச்சியைப் புகை போட்டும் புழு வைத்துவிட்டது. உப்புக்கண்டத்துக்கு அரிவதுபோல மெல்லிய கீற்றாக அரிந்து, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். திரும்பும் தேதியை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.