ரயில்வே கேட்டுக்குப் பதில் மேம்பாலம் கோருவது எப்படி?

தருமபுரி, பாலக்கோடு வழியாகச் செல்லும் ஓமலூர்–ஓசூர் தடம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால், சேலம் கோட்டத்துக்கு மனு அனுப்புவது வீண் வேலை. முதலில் கேட் அறையில் எழுதியிருக்கும் கேட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் கோப்பின் முகவரி.

அடுத்தது கணக்கு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்கிவரும் தொகை ஒரு லட்சத்தைத் தொட்டால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும் திட்டத்துக்கு அந்தக் கேட் தகுதி பெறும் என்பது நெடுநாள் நடைமுறை. தக்காளி ஏற்றிய லாரி ஓர் அலகு, ஆட்டோ அரை, பைக் கால். ஆகவே நான்கு பைக்குகள் சேர்ந்தால்தான் ஒரு லாரிக்குச் சமம். இருபது ரயில்கள் ஓடினால் ஐயாயிரம் அலகுகள் வேண்டும். அதிகாரப்பூர்வக் கணக்கெடுப்பின் விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்டுப் பெறலாம்.

மனுவைத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும், நகலை நெடுஞ்சாலைத் துறையிடமும் கொடுங்கள். தண்டவாளத்துக்கு மேலான பகுதியை ரயில்வேயும், இருபுற அணுகுசாலைகளை நெடுஞ்சாலைத் துறையும் கட்டுவதே வழக்கம். தாமதம் பெரும்பாலும் அணுகுசாலைக்கான நில எடுப்பில்தான். ஆகவே நில உரிமையாளர்களிடம் முன்கூட்டியே பேசி, நடந்து செல்வோருக்குச் சுரங்கப்பாதையையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.