சின்ன நாயும் உயரமான சோபாவும்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

இரண்டு மூன்று கிலோ எடையுள்ள நாய், சோபாவில் ஏற முடியாமல் தவிப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. முன்னங்கால் இரண்டையும் இருக்கையில் வைத்து, பின்னங்காலால் உந்தி உந்திப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். உடனே தூக்கி மேலே விட்டுவிடுவோம். அரை மணி நேரம் கழித்து அழைப்பு மணி அடிக்கும்போது அதே நாய் ஒரே தாவில் தரைக்கு வந்து வாசலுக்கு ஓடும். அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை, சுறுசுறுப்பு என்று சிரிப்பதோடு சரி. பதற வேண்டிய இடம் அதுதான்.

ஏறும்போது வேலை செய்பவை பின்னங்கால்கள். அங்கே தசை அதிகம். ஏற்றம் தவறினாலும் பெரும்பாலும் சறுக்கிக் கீழே உட்காரும், அவ்வளவுதான். இறங்கும்போது உடல் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து இரண்டு முன்னங்கால்களின் மேல் வந்து இறங்குகிறது. சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கும். குதிக்கும் நொடியில் அது எவ்வளவு கூடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிவாவா, பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் போன்ற இனங்களில் முன்னங்கால் எலும்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். முறிவு பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சதையே இல்லாத இடத்தில் ஏற்படும். இந்தச் சின்ன இனங்களில் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் வெறும் மாவுக்கட்டு போட்டால் எலும்பு சேராமலே போவது சகஜம். உலோகத் தகடு (பிளேட்) வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும். நாய்க்குட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். எலும்பின் வளர்ச்சிப் பகுதி மூடும்வரை, அதாவது முதல் வயதின் பெரும்பகுதி, எந்த உயரத்திலிருந்தும் குதிக்க விடாமல் இருப்பதே நல்லது.

ஆகவே கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே தவறின் வேறு வேறு முகங்கள்தான். ஏற வழி செய்துவிட்டு, இறங்குவதை நாயின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம்.

சரிவுப் பலகையில் கணக்குத் தப்புவது

ராம்ப் எனப்படும் சரிவுப் பலகையை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அது அறையில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதை. குட்டையாக, அடக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். வழக்கமான சோபா இருக்கையின் உயரம் சுமார் 45 செ.மீ. அதற்கு 60 செ.மீ. நீளப் பலகையைச் சாய்த்தால் சரிவு ஏறக்குறைய 50 டிகிரி வந்துவிடும். அது நடக்கிற வழி இல்லை, சறுக்குமரம். 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சின்ன நாய் நிதானமாக நடந்து இறங்கும். அதற்குப் பலகை கிட்டத்தட்ட 130 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். மெத்தையோடு சேர்த்து 60 செ.மீ. உயரமுள்ள கட்டிலுக்கு 175 செ.மீ. தேவை. சுலபமான கணக்கு: உயரத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம்.

அவ்வளவு இடம் இல்லையா? பலகையைச் சோபாவின் முன்னால் நீட்டாமல், சோபாவை ஒட்டியபடி பக்கவாட்டில் போடலாம். மேல்முனையில் நாய் திரும்பி நிற்க ஒரு சின்ன மேடை இருந்தால் போதும். அதுவும் முடியாதென்றால் கட்டிலின் கால்களைக் கழற்றி மெத்தையைத் தாழ்த்துவதுதான் மலிவான வழி. ஏனோ பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

மேற்பரப்பையும் பாருங்கள். பளபளப்பான பிளைவுட், வழவழப்பான துணி இரண்டுமே உதவாது. கால்விரல் பற்றிக்கொள்ளும்படி குட்டை இழைக் கம்பளமோ ரப்பர் விரிப்போ ஒட்டியிருக்க வேண்டும். இழை நீளமாக இருந்தால் நகம் மாட்டும். இரண்டு பக்கமும் சிறு விளிம்பு இருந்தால் பார்வை மங்கிய வயதான நாய் ஓரத்தில் தவறி விழாது. முக்கியமாக, பலகை ஆடக்கூடாது. ஒருமுறை காலடியில் ஆடிவிட்டால் போதும், அப்புறம் எத்தனை பிஸ்கட் காட்டினாலும் அந்தப் பக்கம் வராது. வாங்கியதும் கையால் அழுத்தி, அசைத்துப் பாருங்கள்.

படிகள்

படிக்கட்டு வடிவில் வருபவை அழகாக இருக்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் மனிதக் காலுக்கு ஏற்ற படியைச் சின்னதாக்கியது மாதிரிதான் பல இருக்கின்றன. மூன்று கிலோ நாய்க்கு ஒவ்வொரு படியும் 10 முதல் 12 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது. நான்கு காலும் ஒரே படியில் நிற்கும் அளவுக்கு அகலம் வேண்டும். அகலம் போதாவிட்டால் முன்னங்கால் ஒரு படியிலும் பின்னங்கால் இரண்டு படி மேலேயுமாக நாய் குத்துக்கோட்டில் நிற்கும். அந்த நிலையில் அதற்குத் தோன்றும் ஒரே வழி மிச்ச உயரத்தையும் தாவிவிடுவதுதான்.

ஸ்பஞ்சு படிகள் கால் புதையும் அளவுக்கு மெத்தென்று இருந்தால் வேண்டாம். கால் எங்கே ஊன்றுகிறது என்று நாய்க்குத் தெரிய வேண்டும். எடையற்ற படிகள் டைல்ஸ் தரையில் நழுவவும் செய்யும். அடியில் ரப்பர் பிடிமானம் இல்லையென்றால் சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள்.

டாஷ்ஹண்ட் மாதிரி உடல் நீண்டு கால் குட்டையான இனங்களுக்குப் படியைவிடச் சரிவுப் பலகைதான் ஏற்றது. பெக்கினீஸ், ஷிட்சு போன்றவற்றுக்கும் இது பொருந்தும். இவற்றின் முதுகெலும்புக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் சின்ன வயதிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடுகின்றன. வெளியே ஓடியாடிக்கொண்டிருக்கும், உள்ளே டிஸ்க் வலுவிழந்திருக்கும். ஒரு சாதாரணக் குதிப்பில் அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் செயலிழக்கலாம். குதிப்பதை நிறுத்தினால் இந்த நோயே வராது என்று சொல்ல முடியாது, பிறவிக் காரணம் அப்படி. ஆனாலும் தினமும் முதுகில் விழும் அதிர்ச்சியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதும் அதே கணக்கில்தான் சேரும். சின்ன நாய்க்கு அரைக் கிலோ கூடுதல் என்பதே பெரிய சுமை.

வாங்கி வைத்துவிட்டால் பழகிக்கொள்ளும் என்று நினைப்பது

நல்ல பலகை வாங்கியாயிற்று, நாய் அதைச் சட்டையே செய்யாமல் பக்கத்திலேயே குதிக்கிறது. இந்தப் புலம்பல் ரொம்பப் பொதுவானது. காரணம் பெரும்பாலும் பழக்கிய விதம். கழுத்துப்பட்டையைப் பிடித்துச் சரிவில் இழுத்துக் காட்டியிருப்பார்கள், அல்லது தூக்கி நடுவில் நிறுத்தியிருப்பார்கள். முதலாவது இரட்டைத் தவறு. சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பது சகஜம், கழுத்தில் இழுத்தாலே இருமும். வார் பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மார்பில் மாட்டும் ஹார்னெஸில் பூட்டுங்கள்.

பலகையை முதலில் தரையில் தட்டையாகப் போடுங்கள். மேலே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தீனித் துணுக்குகளை வையுங்கள். அதன் மேல் தயக்கமில்லாமல் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு முனைக்கு அடியில் இரண்டு புத்தகங்கள். அப்புறம் நான்கு. உயர்த்திய பிறகு நாய் தயங்கினால் ஒரு படி கீழே வந்துவிடுங்கள், அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் போதும்.

பலரும் தவறவிடும் இடம் இங்கே இருக்கிறது: ஏறுவதைப் பழக்கியதும் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். நாய்க்கு ஏறுவது சுலபம், சரிவில் தலை கீழே பார்க்க இறங்குவதுதான் பயம். இறங்குவதைத் தனியாகப் பழக்க வேண்டும். தீனியை மூக்குக்கு நேராக, பலகையை ஒட்டித் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே நகர்த்தினால் தலை தாழ்ந்து, அடியெடுத்து வைக்கும். கையை உயர்த்திப் பிடித்தால் தாவும். ‘இறங்கு’ என்ற சொல்லை அந்த நேரத்திலேயே சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் ‘இறங்கு’, இன்னொருவர் ‘கீழே வா’, பிள்ளைகள் வேறொன்று என்று ஆளுக்கொன்று சொல்லக்கூடாது.

அமைதியாக இருக்கும்போது ஒழுங்காக இறங்கும் நாய், அழைப்பு மணி கேட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் மணியை நீங்களே அடித்துப் பழக்குங்கள். மணி அடித்தால் பலகை வழியாக வந்தால்தான் தீனி. பழகும்வரை சோபாவின் மற்ற ஓரங்களைத் தலையணை அடுக்கி மறைத்துவிடலாம். கட்டிலுக்கு, இரவில் பலகை தெரியும் அளவுக்கு ஒரு சிறு விளக்கு. பலகையை இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம் என்று மாற்றவும் வேண்டாம். இருட்டில் நாய் பழக்கத்தை நம்பித்தான் கால் வைக்கும்.

எவ்வளவு பழக்கினாலும் என்றைக்காவது குதிக்கத்தான் செய்யும். அந்த நாளுக்காகக் குதித்து விழும் இடத்தில் நழுவாத விரிப்பு ஒன்று கிடக்கட்டும். வெறும் டைல்ஸில் முன்னங்கால் விரிந்துகொண்டு போகும். விரல்களுக்கிடையே வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுவது பலர் நினைப்பதைவிட அதிகம் உதவும்.

தூக்குவதில் நடக்கும் தவறு

பலகையெல்லாம் எதற்கு, கையிலேயே தூக்கி இறக்கிவிடலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. பின்பாதி முழுவதும் காற்றில் தொங்கும், தோளும் முதுகும் அந்த எடையைத் தாங்கும். ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, முதுகு தரைக்குச் சமமாக இருக்கும்படி எடுத்து உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து பெரும்பாலும் கடைசி ஒரு முழத்தில் நடக்கும். தரை கண்ணில் பட்டதும் நாய் துள்ளும், நாமும் கையை விட்டுவிடுவோம். நான்கு காலும் தரையில் ஊன்றி, உடல் தளர்ந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் அதுவும் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் சிறுவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். மனிதர் நின்றபடி தூக்கிய உயரம் சோபாவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். சாய்வு நாற்காலியின் கால்தாங்கியை மடக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள், இந்த நாய்களுக்கு அந்தப் பொந்து ரொம்பப் பிடிக்கும். போர்வைக்குள் புகுந்து தூங்கும் நாயென்றால், உட்காருமுன் போர்வையைத் தட்டிப் பார்ப்பதை வீட்டில் எல்லோரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தயக்கத்தைச் சோம்பல் என்று நினைப்பது

நேற்றுவரை தாவி ஏறிய நாய் இன்று சோபா முன் நின்று யோசித்தால் அதற்கு ஏதோ வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு நொண்டி அடித்துவிட்டு, மறுபடி சாதாரணமாக ஓடினால் முட்டிச்சில்லு விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன இனங்களில் இது அடிக்கடி வரும். தூக்கும்போது கத்துவது, முதுகை வளைத்து நிற்பது, பின்னங்கால் தள்ளாடுவது, பாதத்தின் மேல்பக்கம் தரையில் தேய்வது இவையெல்லாம் முதுகுப் பிரச்சினையின் அடையாளங்கள். பின்னங்காலை ஊன்றவே முடியவில்லை என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. தண்டுவட அழுத்தத்தில் நேரம் போகப்போக நடை திரும்பும் வாய்ப்பு குறையும்.

விழுந்த நாய்க்கு வீட்டில் குச்சி வைத்துக் கட்டுப்போடாதீர்கள். தவறாகக் கட்டினால் முறிந்த இடம் மேலும் விலகும். நம் வீட்டு மருந்துப் பெட்டியிலுள்ள இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுக்க வேண்டாம். முதலாவது நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், இரண்டாவது கல்லீரலை. இரண்டு கிலோ உடலுக்கு ஒரு மாத்திரையே அதிகம். அடிப்பாகம் தட்டையான பெட்டியிலோ கூடையிலோ துண்டை மடித்துப் போட்டு, நாயை அசையாமல் படுக்க வைத்து அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலியில் இருக்கும்போது பழகிய நாயும் கடிக்கும், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.