பழைய தூண்டில் ரீலுக்கு உதிரிப் பாகம்: தேடுவதும் செய்வதும்

மும்பைத் துறைமுகத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா, வெளிநாட்டு மாலுமி ஒருவரிடம் வாங்கிய மிட்செல் 300 ரீலை என்னிடம் விட்டுச் சென்றார். கைப்பிடி இன்றும் வழுவழுவென்று சுழல்கிறது. தங்கூசியை (தூண்டிலின் நைலான் இழையை) வழிநடத்தும் பெயில் கம்பி மட்டும் துவண்டு கிடந்தது. உள்ளே ஸ்பிரிங் முறிந்திருந்தது. பிரான்சின் குளூஸ் நகரில் கார்ப்பானோ–பான்ஸ் நிறுவனம் செய்த அந்த ரீலுக்குத் தாராவியில் இருந்துகொண்டு பாகம் தேடிய அனுபவத்தை வைத்து, புதிதாகத் தொடங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்ததை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வையுங்கள். உடைந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். புதிய பாகத்திற்கு வேண்டிய அளவுகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

படி 2: அடையாளம் காணுதல்

மாதிரியின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் வந்த ரீலில் உட்பாகங்கள் மாறியிருக்கும். ஸ்வீடனின் அபு அம்பாசடர் ரீல்களில், 1960, 1970களில் வந்தவற்றின் காலடியில் (கோலில் பொருத்தும் தகட்டில்) பொறித்த எண்ணைப் பாருங்கள்: 750301 என்றால் 1975, மார்ச். அமெரிக்காவின் பென் (Penn) நிறுவன ரீல்களில் ஒவ்வொரு பாகத்திற்கும் தனி எண் உண்டு என்பதால், பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தேடியெடுத்து, அந்த எண்ணைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

பல்சக்கரம் தேய்ந்திருந்தால் செய்ய முயலாமல், அதே மாதிரியில் ஓடாத ரீல் ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுங்கள். மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவில் பொறுமையாகக் கிளறினால் எப்போதாவது கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

படி 3: திருகின் மரை

அமெரிக்க ரீல்களில் 4-40 (4ஆம் எண் தடிமன், அங்குலத்துக்கு 40 மரை) போன்ற அங்குல மரைத் திருகுகள் இருக்கும். அதன் விட்டம் சுமார் 2.84 மி.மீ., மரை இடைவெளி 0.635 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் எம்3 (3 மி.மீ. மெட்ரிக்) திருகின் இடைவெளி 0.5 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், எம்3 திருகை வலிந்து ஏற்றினால் மென்மையான அலுமினிய உடலின் மரை அழிந்துவிடும். விரலால் மூன்று சுற்று ஏறாத திருகுக்கு ஸ்குரூடிரைவரைத் தொடாதீர்கள்.

படி 4: ஸ்பிரிங் சுற்றுதல்

முறிந்த கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்துகொண்டு மும்பையில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த நாக்தேவி தெருவுக்குப் போய்ப் பியானோ வயர் (ஸ்பிரிங் செய்யும் எஃகுக் கம்பி) என்று கேளுங்கள். கடைக்காரர் கேஜ் எண்ணைத்தான் (கம்பித் தடிமனின் எண்; எண் குறைந்தால் தடிமன் கூடும்) கேட்பார்: 0.81 மி.மீ. என்பது 21 கேஜ், 0.91 மி.மீ. என்பது 20 கேஜ். "ஒரு எண் முன்பின் இருந்தால் என்ன" என்று வாங்கிவிடாதீர்கள்; விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 21க்குப் பதில் 20 கேஜில் சுற்றிய ஸ்பிரிங் ஏறக்குறைய 60 சதவீதம் அதிக விறைப்பாக இருக்கும். பெயில் கம்பி அப்போது மூடுவதில்லை, அறைகிறது.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டை வைஸில் பிடித்து, கம்பியை இழுத்துப் பிடித்தபடியே சுற்றுங்கள். விட்டவுடன் சுருள் விரியும். ஆகவே உள்விட்டம் 6 மி.மீ. வேண்டுமானால் 5 மி.மீ. தண்டில் தொடங்கிப் பாருங்கள். சுற்றும் திசையைப் பழைய துண்டோடு ஒப்பிடுங்கள். என் முதல் ஸ்பிரிங் அளவில் கச்சிதமாகவே அமைந்தது. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல் எதிர்த்திசையில் சுற்றியிருந்தேன், அதன் கால் (நீட்டிய முனை) துளைக்கு நேர் எதிரே நின்றது.

வளைப்பதற்காகக் கம்பியை நெருப்பில் பழுக்கவிட்டால் அதன் முறுக்கு போய்விடும். சுற்றி முடித்தபின் சமையலறை ஓவனில் (oven) சுமார் 230 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வைத்து எடுத்தால் வளைத்ததன் இறுக்கம் தணியும். பியானோ வயர் துருப்பிடிக்கும் என்பதால், வெர்சோவா பக்கம் கடலில் வீசுபவர்கள் கிரீஸ் தடவியே பூட்ட வேண்டும்.

படி 5: பூட்டிப் பார்த்தல்

தங்கூசி இல்லாமலேயே பெயில் கம்பியை ஐம்பது முறை திறந்து, கைப்பிடியைச் சுற்றி மூடிப் பாருங்கள். ஸ்பிரிங் எங்காவது உரசினால், அந்த இடத்தில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும். கழற்றிக் காலைச் சற்றே வளைத்துத் திரும்பப் பூட்டுங்கள். கம்பியும் தண்டும் கையில் இருக்கும்போதே இன்னொரு ஸ்பிரிங்கையும் சுற்றி, எண்ணெய்த் துணியில் பொதிந்து, தூண்டில் பெட்டியில் போட்டு வையுங்கள்.