வளாகத் திட்டம் போடுகிறவர்கள் மாரியில் ஒருதரம் காணிக்குள் இறங்குங்கள்

பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்கு நீண்டகாலக் கட்டடத் திட்டம் தயாரிக்கும் இளம் பொறியியலாளர்கள் சிலர் அண்மையில் திருகோணமலையில் என் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. பீடங்களுக்கு ஒரு நிறம், விடுதிகளுக்கு ஒரு நிறம், நூலகத்துக்கு முன்னால் வட்டமாக ஒரு பூங்கா. "நில அளவை எப்ப செய்தது தம்பி?" என்று கேட்டேன். "ஓகஸ்ட்டில, சேர்" என்றார் ஒருவர். அதற்குமேல் பூங்காவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு வந்த புதிதில் நாங்களும் ஓகஸ்ட்டில்தான் அளந்தோம்.

மாணவர் தொகையைக் குறைத்துப் போடுவது, வாகனத் தரிப்பிடத்தை மறப்பது போன்ற பிழைகளை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுவோம். வளாகத் திட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் மற்றப் பிழைகள் இவை.

காய்ந்த காணியை நம்புவது

திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். நவம்பர், டிசம்பர் இரண்டும் சராசரியாக ஒவ்வொன்றும் 300 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜூன் மழையோ பெயருக்குத்தான். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் அந்த மாதங்களில் காணிக்குள் போனால் புழுதியும் கருகிய புல்லும்தான். எல்லாம் ஒரே மட்டம்போலத் தெரியும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோர மணல் நிலத்தில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அரை மீற்றர் வித்தியாசம்தான் எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது என்பதைத் தீர்மானிக்கும். அந்த அரை மீற்றர் ஓகஸ்ட்டில் கண்ணுக்குப் படாது.

திட்டம் போடுகிறவரின் கண் நேரே வெட்டவெளிக்குத்தான் போகும். வெட்ட மரமில்லை, வீதிக்குக் கிட்ட, லொறி திரும்ப வசதி. அங்கே ஏன் மரமில்லை என்று யாரும் கேட்பதில்லை. குனிந்து பார்த்தால் காய்ந்துபோன கோரை கிடக்கும். கோரை கிடந்தால் அது தண்ணீர் நிற்கும் இடம்.

ஒரு நிறுவனத்தில் இப்படியான தரையில் விரிவுரை மண்டபத் தொகுதி ஒன்றை வைத்தார்கள். பெயர் வேண்டாம். இடம் கொஞ்சம் தாழ்வு என்று தெரியாமலும் இல்லை. கிரவல் போட்டு ஒரு மீற்றர் உயர்த்தினால் சரி என்றார்கள். ஓர் ஏக்கரை ஒரு மீற்றர் உயர்த்த, அமுக்கிய பிறகான அளவிலேயே 1,400 கியூபுக்கு மேல் வேண்டும் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). அத்திவாரம் வெட்டுமுன்பே காசின் ஒரு பெரும் பங்கு மண்ணுக்குள் போய்விட்டது.

மாரி வந்தது. மண்டபம் நனையவில்லை, படம் எடுத்து அறிக்கையில் போட்டார்கள். ஆனால் ஓர் ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 4 இலட்சம் லீற்றர் தண்ணீர். நிறைந்த வாளிக்குள் கல்லைப் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பழைய இடத்தில் நிற்க முடியாத தண்ணீர் பெண்கள் விடுதிப் பக்கம் ஏறியது. மிச்சம் மதிலோடு தேங்கி அயல் வீடுகளுக்குள் போனது. சனம் வாசலுக்கு வந்தது. பிறகு மதிலை உடைத்து வழி விட்டார்கள். அப்புறம் வாய்க்கால் வெட்டினார்கள், அதன் கடைவாய் வீதி மதகைவிடத் தாழ்வாகப் போய்விட்டது. ஆகவே பம்ப். பம்புக்கு வருடாவருடம் டீசல். நிலத்தடி நீர் மேலே வந்ததால் மலசலகூடக் குழிகள் நிரம்பி, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் பாவிக்க முடியாமல் போனது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதெல்லாவற்றையும்விட அந்தப் பைலைப் பார்க்கும்போதுதான். ஒவ்வொரு ஜனவரியிலும் "எதிர்பாராத வெள்ளம்" என்று எழுதியிருப்பார்கள். வருடம் தவறாமல் வருவதில் என்ன எதிர்பாராதது?

ஓகஸ்ட்டில் அளப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அரசாங்க நிதியாண்டு டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. ஒதுக்கிய காசு அதற்குள் செலவாக வேண்டும். ஆகவே அளவை நடு வருடத்தில், அறிக்கை செப்டெம்பரில். அதைவிடக் கூத்து, அடைமழைக்குள் கொங்கிறீற் போடுவது. இதை மாற்ற ஒரு பொறியியலாளரால் முடியாதுதான். ஆனால் நவம்பர் கடைசியில், நல்ல மழை விட்ட மறுநாள், வரைபடத்தோடு காணியை ஒரு சுற்றுச் சுற்றிவர எந்த ஒதுக்கீடும் தேவையில்லை. தண்ணீரின் விளிம்பில் முளை அடியுங்கள். சில நாள் கழித்துப் போய் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை 25 சென்ரிமீற்றர் உயர இடைவெளியில் கேளுங்கள். ஒரு மீற்றர் இடைவெளி எங்கள் கரையோரக் காணியில் எதையும் காட்டாது. பிறகு வெறும் தாளில் முதலில் தண்ணீரின் பாதையை வரைந்து, அதன்மேல் "கட்டக்கூடாது" என்று எழுதுங்கள். அந்த நிலம் கோடையில் விளையாட்டு மைதானம், மாரியில் குளம். கட்டடங்கள் மிச்ச இடத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மாடி ஏற்றுங்கள்.

சுற்றுமதிலை முதலில் கட்டுவது

காணி பறிபோய்விடும் என்ற பயம் விளங்குகிறது. கட்டுங்கள், ஆனால் தாழ்ந்த இடங்களில் மதகு விட்டுக் கட்டுங்கள்.

கரையோர அனுமதியைக் கடைசிக்கு வைப்பது

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும். இதைப் பலரும் அறிவார்கள். கடலோடு இணைந்த களப்போ ஆறோ இருந்தால் எல்லை 2 கிலோமீற்றர்வரை உள்ளே போகலாம் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 2004 டிசம்பரில் கடல் நிலாவெளிக்குள் வந்ததைக் கண்ட ஊர் இது. விடுதியைக் கடற்காட்சிக்காகக் கரைப்பக்கம் தள்ளி வைக்கச் சொல்லி யாராவது கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன்.

மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர்

வேண்டாம்.

"மேல்மாடியைப் பிறகு பார்ப்போம்"

தூண் கம்பிகளை மொட்டைமாடியில் நீட்டி விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த ஒதுக்கீடு வருமுன் உப்புக் காற்றில் கம்பி செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். கையால் தட்டிப் பாருங்கள், சிவப்புத் தூளாகக் கொட்டும். விடத்தான் வேண்டுமென்றால் சீமெந்துச் சாந்து பூசி, மெல்லிய கொங்கிறீற்றால் மூடி விடுங்கள். பிறகு உடைத்து எடுக்கலாம்.

பீடாதிபதிகளின் விருப்பப் பட்டியல்

கேளுங்கள், எழுதுங்கள், பைலில் வையுங்கள். வரைபடத்தில் வைக்காதீர்கள்.

நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமை

புதுக் கட்டடம் ஒன்றுக்கு மண்வெட்டி போட்டதும் நீர்க்குழாய் வெடிக்கும், அல்லது மின்கேபிள் அறும். போட்ட குழாய் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருப்பதே அபூர்வம். இடையில் ஒரு பாறை வந்திருக்கும், விலக்கிக் கொண்டு போயிருப்பார்கள். ஆகவே முதல் நாளே வீதியோரமாக ஒரு பட்டையைக் குழாய்களுக்கும் கேபிள்களுக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். மரம்கூட அதன்மேல் நடக்கூடாது. கட்டி முடித்த நிலையில் எது எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்ற வரைபடத்தை ஒப்பந்தகாரரிடம் வாங்கிய பிறகே கடைசிக் கொடுப்பனவில் கையெழுத்து வையுங்கள். காசு கைக்குப் போனபின் அவர் போனே எடுக்கமாட்டார்.