சட்டைக்குள் இரண்டு பனியன்

ஒல்லியாகத் தெரியக் கூடாதென்று ஏப்ரல் வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டவன் நான். 53 கிலோ. வேலை போய், அக்கா சம்பளத்தில் பெங்களூரு அல்சூர் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, "ஆம்பளப் புள்ள மாதிரியா இருக்கான்" என்ற மாமாவின் பேச்சு ராத்திரியெல்லாம் காதில் ஓடும். கடன் வாங்கி புரோட்டீன் பவுடர் தின்றேன். வயிறு கெட்டதுதான் மிச்சம். பிறகு குளிப்பதும் நின்றது. சோம்பல் என்றே நினைத்தேன்.

அக்காதான் 14416-ஐ அழுத்திப் போனைக் கையில் திணித்தாள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். 2022-இல் வந்தது, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். எடுத்தவர் என் எடையைக் கேட்கவே இல்லை. தூக்கம், பசி, சாகணும்னு தோணுதா என்று கேட்டார். அப்புறம் டாக்டர். மாத்திரை வேலை செய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் வாரமே தூக்கி எறியப் பார்த்தேன். ஜிம் ரீல்ஸ் போடுகிறவர்களை எல்லாம் அன்ஃபாலோ செய்தேன்.

மனசு வரட்டும் என்று காத்திராமல் தினம் ஒரு வேலை செய்யச் சொன்னார் கவுன்சலர். அக்காவுக்கு டிபன் கட்ட ஆரம்பித்தேன். "பொம்பள வேலை" என்றார் மாமா, என் சாம்பாரை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டே.

எடை இன்னும் 55தான். பனியன் ஒன்று.