கேமரா கோப்பையின் பின்னால் போகும்போது: விளையாட்டு ஆவணப்பட இயக்குநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டு ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுப் பைத்தியங்கள். நானும் அப்படி வந்தவன்தான். அந்தப் பைத்தியமே முதல் தவறைச் செய்ய வைக்கிறது. பந்து போகும் திசையிலேயே கேமராவும் போய்விடுகிறது.

என் முதல் படத்துக்காக 1500 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணை எட்டு மாதம் பின்தொடர்ந்தேன். இறுதிப் போட்டியில் அவர் ஆறாவதாக வந்தார். பழக்கதோஷத்தில் நான் முதலாவதாக வந்தவரையும் அவருடைய கொண்டாட்டத்தையும் எடுத்து முடித்து, கேமராவைப் பையில் வைத்துவிட்டுத்தான் இவரைத் தேடிப் போனேன். பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஸ்பைக் ஷூவைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு முடிச்சு விழுந்து இறுகியிருந்தது, விரல்கள் நடுங்கின. பயிற்சியாளர் வந்து அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, குனிந்து பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதமாக நான் காத்திருந்த காட்சி அது. என் பை திறக்கவே இல்லை.

முடிவு என்ன என்று மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்காக ஒன்றரை மணி நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் தோற்றுவிட்டால் இந்தப் படத்தில் என்ன மிஞ்சும்? பதில் இல்லையென்றால் அது ஆவணப்படத்துக்கான கதை இல்லை, செய்தித் தொகுப்புக்கான விஷயம்.

இதன் மறுபக்கம், முதலில் எழுதிய கதையையே பிடித்துத் தொங்குவது. ஆவணப்பட இயக்குநர் அலெக்ஸ் கிப்னி 2009இல் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் சைக்கிள் பந்தயத்துக்குத் திரும்பி வருவதைப் படமாக்கத் தொடங்கினார். ஊக்கமருந்து விவகாரம் வெடித்ததும் படம் கிடப்பில் போனது. 2013இல் ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட பிறகு கிப்னி மறுபடி கேமராவோடு போனார். மீண்டு வந்தவரின் கதையாகத் தொடங்கியது, 'தி ஆம்ஸ்ட்ராங் லை' என்று ஒரு பொய்யின் கதையாக வெளிவந்தது. பழைய திட்டத்தைக் கைவிட அவருக்கு மனம் வந்திருக்காவிட்டால் அந்தப் படமே இல்லை.

அடுத்தது அவசரம். 'ஹூப் ட்ரீம்ஸ்' முதலில் அரை மணி நேரப் படமாகத்தான் திட்டமிடப்பட்டது. சிகாகோவின் இரண்டு கூடைப்பந்துச் சிறுவர்களை ஏறக்குறைய 5 ஆண்டுகள் தொடர்ந்து, சுமார் 250 மணி நேரக் காட்சிகளைச் சேர்த்து, 1994இல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படமாக வந்தது. எல்லோருக்கும் அவ்வளவு காலம் வாய்க்காது, சரி. ஆனால் முதல் நாளே சட்டையில் குத்தும் சின்ன மைக்கை மாட்டிவிட்டு "உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்லும் அதே பதில்தான் கிடைக்கும். வீரர்கள் அதில் பழகியவர்கள். சில நாள் கேமரா இல்லாமல் போங்கள். ஜெர்சி துவைப்பவர், பிசியோ, வீட்டில் சமைப்பவர் ஆகியோரோடு பேசுங்கள். அணி நிர்வாகம் அனுமதி தந்துவிட்டது என்பதால் வீரரும் தந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேமரா அங்கே இருப்பதே ஆட்டத்தைக் கெடுக்கக்கூடும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. 2017 ஜூன் 3 அன்று பாறையேறும் வீரர் அலெக்ஸ் ஹானல்ட் கயிறில்லாமல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில் ஏறியபோது, அதை எடுத்த 'ஃப்ரீ சோலோ' படக்குழுவினரே அனுபவமுள்ள மலையேறிகள். அப்படியிருந்தும் மிகக் கடினமான பகுதியில் ஆள் நிற்காமல் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தார்கள். அவர் கவனம் ஒரு நொடி சிதறினால் உயிர் போய்விடும். உங்கள் படத்தில் பணயம் அவ்வளவு பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் போட்டிக்கு முந்தைய இரவு விளக்கை ஏற்றி நேர்காணல் எடுக்க வேண்டியதில்லை. பயிற்சியின்போது எடுத்த துண்டுக் காட்சியைச் சமூக ஊடகத்தில் போட்டு, எதிரணிக்குக் காயத்தையும் வியூகத்தையும் காட்டிக் கொடுப்பதும் இதே ரகம்.

இனி, அதிகம் பேரை வீழ்த்தும் விஷயத்துக்கு வருகிறேன். உரிமை. டிக்கெட் வாங்கி அரங்குக்குள் போவதால் போட்டியைப் படமெடுத்து வெளியிடும் உரிமை வந்துவிடாது. ஒளிபரப்புக் காட்சிகள் உரிமையாளரிடம் இருக்கும். விலை பெரும்பாலும் நிமிடக் கணக்கில், சில இடங்களில் நொடிக் கணக்கில். எந்தெந்த நாடுகள், எத்தனை ஆண்டுகள், திரைப்பட விழாவுக்கு மட்டுமா, ஓடிடிக்கும் சேர்த்தா என்பதைப் பொறுத்து அது ஏறும். நடப்பது என்னவென்றால், "இப்போதைக்கு வைப்போம்" என்று இணையத்தில் எடுத்த காட்சியை வைத்து எடிட் செய்கிறோம். படம் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. விலை தெரியும்போது பிரிக்க முடியாது. வர்ணனைக் குரலுக்கும், உடை மாற்றும் அறையில் ஒலிக்கும் பாட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு. எடிட்டிங் தொடங்கும் முன்பே விலை கேளுங்கள். கூடவே, போட்டிக் காட்சி ஒன்றுகூட இல்லாமல் ஒரு கட் செய்து பாருங்கள். மாடத்தில் இருக்கும் தாயின் முகமும் கூட்டத்தின் சத்தமும் எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்பது அப்போது தெரியும்.

பணமும் சட்டச் சிக்கலும் ஒரு படத்தை என்ன செய்யும் என்பதற்கு இயக்குநர் லியான் காஸ்ட் சாட்சி. முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் குத்துச்சண்டையில் மோதியதை அவர் படமாக்கினார். 'வென் வீ வேர் கிங்ஸ்' வெளிவந்தது 1996இல். ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு 22 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்புதல் படிவத்தில் ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. பதினைந்து வயதில் பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒருவர், படம் வரும்போது பெரியவராகியிருப்பார். அவரிடமே மறுபடி கேளுங்கள். மாணவ வீரருக்குப் பணமோ பரிசோ கொடுக்கும் முன், அவர் விளையாடும் அமைப்பின் விதியைப் படியுங்கள். நல்லெண்ணத்தில் கொடுத்தது அவர் தகுதியையே பறித்துவிடலாம். பெரிய நட்சத்திரம் தானே தயாரிப்பாளராகச் சேர வந்தால், இறுதி எடிட் யார் கையில் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு நாள்கூட ஷூட் போகாதீர்கள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றால், நாளைக்கு அவர் கைதான் ஓங்கியிருக்கும்.

தொழில்நுட்பத்தில் இரண்டே இரண்டு. எல்லாவற்றையும் ஸ்லோமோஷனில் எடுக்காதீர்கள். பல கேமராக்களில் அப்போது ஒலி பதிவாகாது. மூச்சிரைப்பும் ஷூ உரசும் சத்தமும் இல்லாவிட்டால் படம் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அப்புறம், அன்றன்று எடுத்ததை மூன்று பிரதிகளாக வையுங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

படத்தை வெளியிடும் முன் அதில் இருப்பவருக்குப் போட்டுக் காட்டுங்கள். இது அனுமதி கேட்பதற்காக அல்ல. பிழை இருந்தால் திருத்தலாம், அதோடு தன் தோல்வியை அவர் முதன்முதலில் முந்நூறு பேர் நடுவே பார்க்க வேண்டியிருக்காது. என் முதல் படத்தை அந்த ஓட்டக்காரரும் பயிற்சியாளரும் என் லேப்டாப்பில் பார்த்தார்கள். முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கோச் பல்லால் முடிச்சை அவிழ்த்தாரே, அது எங்கே?"